என் ஊரில் வேலை செய்ய எனக்கு விசா

1

போன கிழமை எங்கள் கல்யாண நாள் வந்து போனது. வேலை முடிந்து வரும் வழியில் கேக் வாங்கி வரட்டுமா என்று என் கணவர் நிரோஷன் தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

"ஏன், டயற்றோ?"

"அந்தத் திகதியைப் பாத்தாலே எனக்கு விசர் வருது."

"கலியாணம் கட்டின எல்லாருக்கும் வாறதுதானே" என்றார்.

அவருக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை. அந்தத் திகதியை ஒரு படிவத்தில் எழுதியதால்தான், இந்த மாதம் நான் போய் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல், மொன்ட்ரியாலில் இருந்து இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து எனக்கு வரும் செய்திகளில் பாதி, கனடாவுக்கு எப்படி வருவது என்று கேட்பவை. தெரிந்ததைச் சொல்லுவேன். சொன்ன பிறகு, பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று கவலைப்பட்டு மறுபடி எழுதுவேன். இந்த வருடம் கேள்வி எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. ஒரு தீவு நாட்டுக்குப் போய்க் குடியிருந்து வேலை செய்ய விரும்பும் வெளிநாட்டவர் என்னென்ன அனுமதி எடுக்க வேண்டும்? சித்திரையிலிருந்து நான் வாசித்ததெல்லாம் இதைத்தான். அந்தத் தீவு இலங்கை. அந்த வெளிநாட்டவர் நான்.

2

நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் ஒரு வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நிரோஷன் மூன்று வயதில் பெற்றோருடன் அகதியாக வந்தவர். கட்டடங்களில் சூடாக்கி பூட்டுவதும் திருத்துவதும் அவருடைய வேலை. நான் கல்யாணம் கட்டி, ஸ்பொன்சரில் வந்தவள். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் தட்டு அடுக்குகிறேன். ஒரு தட்டில் பாண், வெண்ணெய், சலாட், மூடி வைத்த கிண்ணம். எல்லாத் தட்டிலும் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வரும். நன்றாக வருகிறது என்பதுதான் பயமாகவும் இருக்கிறது.

மகள் ஆரபிக்கு நாலரை வயது. காலையில் அவளைக் கார்டெரியில், அதாவது பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விட்டுவிட்டு ஒரு பஸ், ஒரு மெட்ரோ, இன்னொரு பஸ் பிடித்து வேலைக்குப் போவேன். வீட்டில் நாங்கள் தமிழ்தான் கதைக்கிறோம். அவள் விளங்கிக்கொண்டு பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். மனம் வைத்தால் தமிழ் வரும்.

"ஆரபி, சோறு ஆறுது. வாங்கோ."

"லு ரீ, அம்மா."

"சோறு எண்டு சொல்லுங்கோ."

"இஞ்ச அப்பிடிச் சொல்லுறேல்லை. அது உங்கட ஊரில."

உங்கட ஊர். எங்கட ஊர் என்று திருத்துவேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடுவாள். கார்டெரி ஆசிரியை, பிள்ளை மிக நன்றாகப் பேசுகிறாள் என்று என்னைப் பாராட்டுவார். நான் "மெர்சி" என்று சொல்லிவிட்டு, பாராட்டு எனக்கு உரியதா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போவேன்.

ஊரில் நான் படித்தது விவசாயம். மண்ணில் உப்பு ஏறுவதுதான் என் பகுதி. பூநகரிப் பக்கத்து வயல்களில் கடல் நீர் உள்ளே வந்து நெல்லைக் கருக்குவதை இரண்டு போகம் அளந்து எழுதியிருக்கிறேன். இங்கே மாரிகாலத்தில் வீதியெல்லாம் உப்புக் கொட்டுவார்கள், பனி உருகுவதற்கு. சப்பாத்தில் வெள்ளைக் கோடாகக் காய்ந்து கிடக்கும். ஒவ்வொரு முறையும் அதைத் துடைக்கும்போது, வீதியோரத்து மரத்தின் வேருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று மனம் கணக்குப் போடும். யாரிடம் சொல்ல? நிரோஷனிடம் ஒரு முறை சொன்னேன். "அந்த மரம் சிற்றியின்ர மரம். நீர் யோசிக்க வேண்டாம்" என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த நாள் சுகந்தி அக்கா கூப்பிட்டார். என்னோடு அந்த வயல்களில் நின்றவர். இப்போது உவர் நிலம் திருத்தும் ஒரு திட்டத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

"தர்சி, ரெண்டு வருஷ வேலை ஒண்டிருக்கு. மண் பாக்க ஆள் வேணும். உம்மட அளவை இன்னும் ஒருத்தரும் சரியாச் செய்யேல்லை. மழையோட காலபோக நெல்லு விதைக்க முதல் வந்து நிக்க வேணும். வாறீரோ?"

மேசையில் ஆரபியின் பால் சிந்தியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே ஓம் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் நிரோஷனைக் கேட்டேன். இரண்டு வருடம்தானே, பிள்ளையும் தமிழ் பழகட்டும் என்று அவரும் ஓம் என்றார். இவ்வளவு சுலபமாக ஒன்று நடந்தால் எனக்கு நம்பிக்கை வராது. அந்த முறை அந்த அவநம்பிக்கை சரி.

3

சுகந்தி அக்கா கேட்ட முதல் பத்திரம் அடையாள அட்டை. எடுத்துப் படம் பிடித்து உடனே அனுப்பினேன். எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த அட்டை என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் அது இல்லாமல் படலையைத் தாண்டியதில்லை. இங்கே வந்தும் கைப்பையில் அதற்கென்று ஓர் அறை வைத்திருந்தேன். அது கையில் இருக்கும்வரை நான் அந்த நாட்டு ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் திருப்பிக் கூப்பிட்டார்.

"நீர் கனடாப் பாஸ்போட் எடுத்திட்டீரோ?"

"ஓம், அக்கா. ரெண்டு வருஷமாச்சு."

"எடுக்க முதல் இஞ்சத்தையான் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க எழுதினீரோ?"

"அப்பிடி ஒண்டு எழுத வேணுமோ?"

அவருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

"அப்ப நீர் இப்ப வெளிநாட்டுக்காரி" என்றார்.

கனடாப் பிரஜையாகச் சத்தியம் செய்தது எனக்கு நினைவிருக்கிறது. சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து, இணையத்தில்தான் நடந்தது. மேலே நல்ல பட்டுச் சட்டை, கீழே வீட்டுக் காற்சட்டை. வலது கையை உயர்த்தி முதலில் ஆங்கிலத்திலும் பிறகு பிரெஞ்சிலும் சொன்னோம். பிரெஞ்சில் பாதிக்கு உதட்டை மட்டும் அசைத்தேன். அது செல்லுபடியாகாதோ என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று தானாகவே கழன்று போகிறது என்பது என் பயப் பட்டியலில் இருக்கவில்லை. எதற்கெல்லாமோ பயப்படுகிறேன், தேவையானதற்குப் பயப்படத் தெரியவில்லை.

நிரோஷன் ஆறுதல் சொல்லப் பார்த்தார். "நான் சின்னனிலயே இழந்திட்டன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை."

"உங்களுக்கு மூண்டு வயசு. நீங்கள் அங்க மண் அளக்கேல்லை."

4

வழிகள் இரண்டு என்று அறிந்தேன். ஒன்று, இழந்த பிரஜாவுரிமையைத் திரும்பக் கேட்பது. கிடைக்கலாம்; ஆனால் எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மழை அதற்காகக் காத்திருக்காது. மற்றது, வெளிநாட்டவராக வேலைக்குப் போவது. திட்டம் அமைச்சுக்கு எழுத வேண்டும். இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை, இன்ன வெளிநாட்டு நிபுணர் தேவை என்று காரணம் காட்ட வேண்டும். அமைச்சு பரிந்துரைத்தால் வதிவிட விசாவுக்கு நான் விண்ணப்பிக்கலாம். கணவர் என்னில் தங்கி வருபவர் என்று அதே படிவத்தில் சேர்க்கலாம்.

வெளிநாட்டு நிபுணர். சுகந்தி அக்கா அந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்பியபோது அந்தச் சொல்லை நான் பல முறை வாசித்தேன். தட்டு அடுக்கும் இடத்தில் இடைவேளையில் வாசித்தபோது, பக்கத்தில் இருந்த கவிதா எட்டிப் பார்த்தாள். தமிழ்நாட்டுப் பெண். கணவர் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். அவருடைய படிப்பை வைத்து இவளுக்கு வேலை அனுமதி.

"என்னக்கா, உங்க ஊருக்குப் போக உங்களுக்கே விசாவா?"

"ஓம்."

"சும்மா சொல்லாதீங்க."

"இல்லையம்மா. வேலை பெர்மிட்டும் வேணும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "சாரிக்கா. எனக்கு இங்க பெர்மிட் முடியப் போகுது, நீட்டிப்பாங்களான்னு தெரியல. உங்களுக்கு இங்க எல்லாம் இருக்கு, அங்க இல்ல. பேசாம மாத்திக்கலாமா?" என்றாள்.

"உமக்கு வயல் வேலை தெரியுமோ?"

"செடிக்குத் தண்ணி ஊத்துவேன்."

அன்றைக்கு நானும் சிரித்தேன். அனுமதிக்காகக் காத்திருப்பவர்களுக்குள் ஒரு நெருக்கம் உண்டு. ஆனால் அவள் காத்திருப்பது நியாயம் என்றும், நான் காத்திருப்பது அவமானம் என்றும் எனக்குள் ஒரு குரல் சொன்னது. அப்படி நினைத்தது சரியில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே கண்டித்துக்கொண்டு வந்தேன்.

மகளின் நிலை வேறாக இருந்தது. அவள் பிறக்கும்போது நான் இன்னும் இலங்கைப் பிரஜை. ஆகவே, பிந்தினாலும் அவளை அங்கே பதியலாம் என்றார்கள். பதிந்தால் அங்கே பள்ளிக்கூடம் போக விசா தேவையில்லை. வேலையைப் பிரித்துக்கொண்டோம். மகளின் படிவத்தை நிரோஷன் நிரப்புவது, எனக்கும் அவருக்குமான விசாப் படிவத்தை நான் நிரப்புவது. அவர் எதையும் விழுந்து விழுந்து வாசிக்கிற ஆள் இல்லை. அதனால், எல்லாவற்றையும் பத்திரத்தைப் பார்த்துக் கொப்பி பண்ணுங்கோ, மனதில் இருந்து ஒன்றும் எழுத வேண்டாம் என்று அவருக்குப் புத்தி சொன்னேன்.

5

எங்களுக்கு இரண்டு திகதிகள் இருக்கின்றன.

வெளிநாட்டு மாப்பிள்ளை கட்டிய வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். முதலில் எழுத்து. நிரோஷன் இரண்டு கிழமை லீவில் வந்தார். பதிவாளர் வீட்டுக்கு வந்து, விறாந்தையில் மேசை போட்டு, பெரிய புத்தகத்தில் எங்கள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். சாட்சிகளும் வைத்தார்கள். வந்தவர்களுக்கு ரோல்ஸும் கேக் துண்டும் தேநீரும். சட்டப்படி அன்றைக்கே நாங்கள் கணவன் மனைவி. ஸ்பொன்சர் வேலை தொடங்குவதற்கு அந்தக் காகிதம் போதும். ஆனால் ஊரில் யாரும் அதைக் கல்யாணம் என்று சொல்லவில்லை. "எழுத்து முடிஞ்சுது, இனி ஒரு நல்ல நாளில கலியாணத்தை வைப்பம்" என்றுதான் பேச்சு. அவர் திரும்பிப் போவதற்கு முந்திய பின்னேரம் நாங்கள் ஐஸ்கிரீம் குடிக்கப் போனோம். சட்டப்படியான என் கணவருடன் ஐஸ்கிரீம் குடிக்க, தங்கையையும் கூட்டிக்கொண்டுதான் அம்மா அனுப்பினார். தங்கை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து பெரிய கிண்ணமாகக் குடித்தாள்.

அடுத்த வருடம் ஆவணியில் அவர் மறுபடி வந்து, மண்டபத்தில் தாலி கட்டினார். அதுதான் எங்கள் கல்யாண நாள். வாழ்த்து வருவது அன்றைக்கு. அல்பத்தில் இருப்பது அந்தத் திகதி. எழுத்து நடந்த நாளை யாராவது திடீரென்று கேட்டால் நான் பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

கனடாவுக்கான படிவங்களில் நான் ஒருபோதும் தவறவில்லை. ஒவ்வொன்றிலும் எழுத்துத் திகதிதான். வெள்ளைக்காரனுக்கு எங்கள் முறை விளங்காது, காகிதத்தில் இருப்பதைக் கொடுக்க வேண்டும் என்று கவனமாக இருந்தேன். இந்தப் படிவத்தில், திருமணத் திகதி என்ற இடத்தில், யோசிக்காமல் தாலி கட்டிய நாளை எழுதினேன். ஏன் என்று பிறகு எவ்வளவோ யோசித்துவிட்டேன். ஊருக்குப் போகிற படிவம். அங்கே எங்கட ஆக்கள்தானே வாசிப்பார்கள் என்று கை தானாக எழுதியிருக்கிறது.

ஆடி மாதத்தில் இலங்கைத் தூதரகக் கந்தோரில் இருந்து அழைப்பு வந்தது. அந்த அலுவலர் மரியாதையானவர். ஆங்கிலத்தில் பேசினார், தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், உங்களுடைய திருமணம் எப்போது நடந்தது?"

சொன்னேன்.

"சான்றிதழில் வேறு திகதி இருக்கிறதே."

"அது எழுத்து. பதிவு. கல்யாணம் பிறகு."

"அப்படியானால் இரண்டு திருமணமா, மேடம்?"

"இல்லை. ஒரு திருமணம். இரண்டு நாள்."

"ஒரே ஆளுடனா?"

"ஒரே ஆள்தான்."

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், பதற்றத்தில். "எனக்கு விளங்குகிறது, மேடம். கொழும்பில் கோப்பைப் பார்ப்பவருக்கு விளங்க வேண்டுமே. சான்றிதழும் படிவமும் ஒத்துவரவில்லை என்றால் அவர்கள் திருப்பத்தான் வேண்டும். திருப்பிவிட்டார்கள்" என்றார்.

"நான் திருத்தி இன்றைக்கே அனுப்பலாமா?"

"புதிதாக விண்ணப்பிக்கலாம். பழைய கோப்பு மூடியாகிவிட்டது. அமைச்சின் பரிந்துரை அந்தக் கோப்புக்குத்தான். அதையும் புதிதாக எடுக்க வேண்டும்."

நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். என்னைத் திருப்பியவருக்கும் நன்றி சொல்கிற ஆள் நான். அவரில் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். பிழையில்லாத ஒருவரிடம் கோபப்பட முடியாமல் இருப்பது, கோபப்படுவதைவிடக் களைப்பாக இருக்கிறது. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரையும் ஒரு வருடம் தனியே விடாமல் காத்த ஊர் அது. அந்த ஊருக்குள் போவதற்கு, நாங்கள் கையெழுத்துப் போட்ட நாளில்தான் கல்யாணம் கட்டினோம் என்று நான் சொல்ல வேண்டும்.

6

சுகந்தி அக்கா மனம் தளரவில்லை. அமைச்சுக்கு மறுபடி எழுதினார். அங்கே கையெழுத்துப் போடுகிறவர் மாற்றலாகிப் போயிருந்தார். ஆவணி பிறந்தது. ஒரு காலை, நான் ஆரபிக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்.

"தர்சி, நான் ஒண்டு சொல்லட்டோ? நீர் விசிற் விசாவில வாரும். வந்து வேலையைத் தொடங்கும். பெர்மிட் வரேக்க வரட்டும்."

"விசிற்றில வந்து வேலை செய்யக் கூடாது, அக்கா."

"வயலுக்குள்ள ஆர் வந்து பாஸ்போட் பாக்கப் போகினம்? நண்டும் கொக்கும்தான் நிக்குது."

"சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்க வேணுமே."

"அதைப் பேந்து பாப்பம். விதைப்புக்கு முதல் அளவு எடுக்கேல்லை எண்டால் இந்தப் போகம் போச்சு. எனக்கு மண் தெரிஞ்ச ஆள் வேணும், விசா தெரிஞ்ச ஆள் வேண்டாம்."

அன்று பின்னேரம் நிரோஷனிடம் சொன்னேன். அவர் சூடாக்கி வேலையின் கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"போம்" என்றார். "எல்லாரும் செய்யினம். என்ன செய்யப் போறாங்கள்? ஏத்தி அனுப்புவாங்கள். ஏத்தி அனுப்பினா இஞ்சதானே வரப்போறீர்."

"பிடிபட்டால் பிரஜாவுரிமை கேக்கிற நேரம் அதையும் எழுத வேணும். நாட்டின்ர விதியை மீறினவள் எண்டு."

"பிடிபட்டால்."

"பிடிபடாட்டியும் எனக்கு நித்திரை வராது."

"உமக்கு இப்பவும் வாறேல்லை."

உண்மைதான். பல நாள் யோசித்தேன். விதியை மதிக்கிறேனா, பயப்படுகிறேனா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. இங்கே வந்த முதல் வருடத்தில், அனுமதி இல்லாமல் வேலை செய்கிறவர்களைப் பற்றி எங்கள் ஆட்களே எவ்வளவு இளக்காரமாகக் கதைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நானும் தலையாட்டியிருக்கிறேன். சோதனைச் சாவடிகளில், கேட்கும் முன்னமே அட்டையை நீட்டிப் பழகியவள் நான். கையில் சரியான காகிதம் இல்லாமல் சீருடை ஒன்றுக்கு முன்னால் நிற்பதை நினைத்தாலே என் கை தானாகக் கைப்பையைத் தேடுகிறது. அதுவும் அங்கே, எங்கட தெருவில், என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு.

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விசா இல்லாமல் வரமாட்டேன், விசா வந்தால் மறு நாளே வருவேன் என்று விளக்கமாகச் சொன்னேன். சுகந்தி அக்கா விவாதிக்கவில்லை.

பதில் எங்கள் கல்யாண நாளன்று வந்தது. புதிதாகப் பட்டம் முடித்த ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். நல்ல பிள்ளை, கொஞ்சம் பழக்க வேண்டும் என்றார்.

"அவவுக்கு உம்மட பழைய அறிக்கையைக் குடுக்கட்டோ, தர்சி? எந்த இடத்தில தோண்டுறது எண்டு தெரியாமல் நிக்கிறா."

"குடுங்கோ" என்றேன். "தெற்குப் பக்கத்து வரம்போட மேல்மண்ணை மட்டும் எடுத்தால் பிழையான அளவு வரும் எண்டு சொல்லுங்கோ. கீழயும் தோண்ட வேணும்."

"நீரே சொல்லுமன் அவவுக்கு."

சொன்னேன். வீடியோவில் அந்தப் பெண் குடையோடு வயலில் நின்றாள். நான் இங்கே காலையில் வேலை தொடங்கும் முன், முடிக்கு வலைத் தொப்பி போட்டபடி, எங்கே தோண்டுவது என்று விரலால் காட்டினேன். இன்னும் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், அந்தப் புல்லு இல்லாத இடம். அவள் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டாள். அதற்கு விசா தேவையா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகு மணி அடித்தது, போய்த் தட்டு அடுக்கினேன். அன்றைக்குத்தான் நிரோஷன் கேக் வாங்கவா என்று கேட்டது.

7

நேற்று முன்தினம் தபாலில் ஆரபியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்தது.

நிரோஷன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய படிவத்தில் திருமணத் திகதி எழுத்து நடந்த நாள். நான் சொன்ன புத்தியை அவர் கேட்டிருக்கிறார். பத்திரத்தைப் பார்த்துக் கொப்பி பண்ணியிருக்கிறார்.

"பாரும். வீட்டில ஒரே ஒரு சிறீலங்கன்" என்றார். "அவதான்."

எனக்கு இனி என்ன வழி என்று கேட்கக் கந்தோருக்கு அழைத்தேன். அதே அலுவலர்.

"பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மேடம். எப்போது வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு காலமும் இருக்கலாம். படிக்கலாம், வேலை செய்யலாம்."

"அவளுக்கு நாலரை வயது."

"விதியைச் சொன்னேன், மேடம்."

"எனக்கு?"

"நீங்கள் பிரஜாவுரிமையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிப்பது நல்லது. நேரம் எடுக்கும். ஆனால் வேலைக்கு ஒவ்வொரு முறையும் இப்படி ஓடத் தேவையில்லை."

வேலையே போய்விட்டது, இனி என்ன அவசரம் என்று தோன்றியது. பிறகு, இதே யோசனையில் இன்னும் ஐந்து வருடம் தட்டு அடுக்குவேன் என்று பயம் வந்தது. படிவத்தை அன்றைக்கே அச்செடுத்தேன். நீளமான படிவம். திருமணத் திகதிக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, சான்றிதழை எடுத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து எழுதினேன். எழுதிய பிறகும் மூன்று தரம் ஒப்பிட்டேன்.

அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு கேள்வி. தற்போது இலங்கைப் பிரஜையாக உள்ள நெருங்கிய உறவினர் யாராவது இருந்தால் அவருடைய பெயரும், அவருக்கு நீங்கள் என்ன உறவுமுறை என்பதும் தருக. ஊரில் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். எழுதலாம். ஆனால் என்னோடு ஒரே வீட்டில் ஒரு பிரஜை காலில் ஒற்றைச் சொக்ஸோடு நின்று என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கட பெயரை எழுதப் போறன்."

"ஏன்?"

"நான் ஊருக்குப் போறதுக்கு."

"நானும் வாறதோ?"

"நீங்கள் போகலாம். நான் கேட்டுத்தான் போக வேணும்."

அவளுக்கு இது நியாயமாகப் பட்டது. கார்டெரியில் வெளியே போவதற்கு ஆசிரியையிடம் கேட்கத்தான் வேண்டும். "அப்ப நான் எழுதுறன்" என்று பென்சிலை வாங்கினாள். அவளுக்குத் தன் பெயர் இங்கிலிஷ் எழுத்தில் வரும். நாக்கை வெளியே நீட்டியபடி எழுதினாள். எழுத்துகள் பெட்டியை விட்டு இறங்கி உறவுமுறைக்கான கோட்டுக்குப் போயின. கடைசி எழுத்தின் புள்ளிக்குப் பதிலாக ஒரு பூவும் போட்டாள்.

"பியென்?" என்று கேட்டாள்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

அவள் கார்ட்டூன் பார்க்கப் போனதும் அந்தப் பக்கத்தை இன்னொரு பிரதி எடுத்து, பெட்டிக்குள் அடங்கும்படி, கறுப்புப் பேனையால் அவளுடைய பெயரை நானே எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் தாய் என்று எழுதினேன். இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிட்டேன். பூப் போட்ட பக்கத்தையே அனுப்பியிருக்கலாமோ என்று மெட்ரோவில் யோசித்தேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள்.